பெயருக்கு உரியவரும் கையில் வாங்கியவரும்

கடிதத்தின் மேல் யாருடைய பெயர் எழுதியிருக்கிறதோ அவரை ஆங்கிலத்தில் அட்ரஸீ என்பார்கள். தமிழில் பெரும்பாலும் பெறுநர் என்று எழுதிவிடுகிறோம். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கும்போதே முதலில் அனுப்புநர், அதற்குக் கீழே பெறுநர் என்று கை பழகிவிடுவதால் அந்தச் சொல்லின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. எனக்கு உண்டு. கும்பகோணத்தில் தபால்காரனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பெயர் எழுதப்பட்டவர்கள் எல்லாரும் பெறுநர் ஆகிவிடுவதில்லை. பட்டுவாடாவுக்கு எடுத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவந்த கவர்கள் எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தன.

இதை இப்போது எழுதக் காரணம் என் அண்ணன் மகள். சென்னையில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறாள். வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் கைபேசியில் வைத்திருக்கும் செயலி ஒன்றைத் தமிழாக்கும் பணி அவளிடம் வந்திருக்கிறது. அதில் ஒரே திரையில் மேலும் கீழுமாக இரண்டு கட்டங்கள். மேலே உள்ளது பார்சல் யார் பெயருக்கு வந்திருக்கிறது என்பதற்கு. கீழே உள்ளது அதைக் கையில் வாங்கியவர் யார் என்பதற்கு. ஆங்கிலத்தில் மேலே அட்ரஸீ, கீழே ரெசிப்பியன்ட். அவளுக்கு முன்பு அந்த வேலையைச் செய்தவர்கள் தமிழில் இரண்டு இடத்திலும் பெறுநர் என்று போட்டிருக்கிறார்கள். போதாததற்கு அடியில் ஒரு வாக்கியம்: “பெறுநர் இல்லாவிட்டால் பெறுநரின் பெயரையும் உறவுமுறையையும் குறிப்பிடவும்.” இதைப் படித்துவிட்டு எவராலும் எதையும் சரியாகக் குறிப்பிட முடியாது. “சித்தப்பா, நீங்கள் வேலை பார்த்த காலத்தில் என்ன சொல்வீர்கள்?” என்று கேட்டாள்.

நாங்கள் விலாசதாரர் என்று சொல்வோம்.

ஏன் அப்படிச் சொன்னோம் என்பதை விளக்க, முதலில் ஆங்கிலச் சொல்லையே கொஞ்சம் பார்க்க வேண்டும். ஈ என்று முடியும் இந்த வகைச் சொற்கள், இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் ஒரு காலத்தில் புழங்கிய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த வழக்கம். பேயீ என்றால் பணம் கொடுக்கப்பட வேண்டியவர். டிரஸ்டீ என்றால் நம்பி ஒப்படைக்கப்பட்டவர். செய்கை இன்னொருவருடையது, அது இவரை நோக்கி வருகிறது. அட்ரஸீயும் அப்படித்தான். அனுப்புகிறவர் பேனாவை எடுத்துப் பெயரை எழுதி முடித்ததுமே அவர் அட்ரஸீ ஆகிவிடுகிறார். தனக்கு ஒரு கடிதம் வந்துகொண்டிருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் ஊரில் இல்லாமல் இருக்கலாம். வாங்க மாட்டேன் என்று கதவைச் சாத்தலாம். உயிரோடே இல்லாமல் போயிருக்கலாம். அப்போதும் அவர்தான் அட்ரஸீ. ரெசிப்பியன்ட் என்பது வேறு. வாங்கிக்கொள்ளுதல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. கை நீட்டி வாங்கினவருக்குத்தான் அது முழுமையாகப் பொருந்தும்.

பெறுநர் என்ற தமிழ்ச் சொல்லில் பெறு என்ற வினை உட்கார்ந்திருக்கிறது. ஓட்டுநர், நடத்துநர், இயக்குநர் போல வினையடியோடு நர் சேர்ந்து உருவான நல்ல சொல். (பெறுனர் என்று றன்னகரம் போட்டு எழுதுகிறவர்கள் தயவுசெய்து அதை விட்டுவிட வேண்டும்.) அதில் காலம் காட்டும் உறுப்பு இல்லாததால் பெற்றவர், பெறுகிறவர், பெறப்போகிறவர் என்று மூவரையும் அது தாங்கிக்கொள்ளும். கடிதத்தின் தலைப்பில் அது பொருந்தி வருவதற்குக் காரணம் இதுதான். எழுதும்போது எல்லாம் நம்பிக்கைதானே; பெறுவார் என்று நம்பித்தான் எழுதுகிறோம். அரசு அலுவலகக் கடிதங்களிலும் பள்ளிப் பாடங்களிலும் அந்தச் சொல் இருப்பதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே இருந்து அதை எடுக்கச் சொன்னால் நானே எதிர்ப்பேன்.

சிக்கல் வருவது கடிதம் கிளம்பிய பிறகு. பட்டுவாடா நேரத்தில்.

தபால்காரர் வேலையைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். காலையில் அலுவலகத்துக்குப் போனதும் எங்கள் பீட்டுக்கு, அதாவது எங்கள் பொறுப்பில் இருந்த தெருக்களுக்கு, வந்த தபால்களை, நடந்து போகும் வரிசைப்படி தெருவாரியாக, வீட்டுவாரியாக அடுக்கிக்கொள்வோம். மகாமகக் குளத்தின் வடகரையில் தொடங்கினால் எந்த வீட்டுக்குப் பிறகு எந்த வீடு என்று கை அறிந்திருக்கும். சாதாரணத் தபால் என்றால் வீட்டில் சேர்த்தால் போதும். திண்ணையில் இருக்கும் பாட்டியிடம் கொடுக்கலாம், கதவு இடுக்கில் செருகலாம், பெட்டி இருந்தால் பெட்டியில் போடலாம். பதிவுத் தபால் அப்படி அல்ல. பெயருக்கு உரியவரே கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும், அல்லது அவர் எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்தவர் வாங்க வேண்டும். எங்களுக்குள் இதைச் சுருக்கமாக ஒரு வாக்கியத்தில் சொல்லிக்கொள்வோம்: சாதாரணத் தபால் விலாசத்துக்கு, பதிவுத் தபால் விலாசதாரருக்கு. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

வீடு ஒன்றாக இருக்கும், பெயரும் ஒன்றாக இருக்கும், ஆள் வேறாக இருப்பார். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் ஊர் இது. ஒரே வீட்டில் இரண்டு வெங்கட்ராமன் இருந்தால் தலைப்பெழுத்தைப் பார்க்க வேண்டும். தலைப்பெழுத்தும் ஒத்துப்போனால் த/பெ பார்க்க வேண்டும். த/பெ என்றால் தந்தை பெயர், க/பெ என்றால் கணவர் பெயர், மே/பா என்றால் மேற்பார்வை, அதாவது இன்னாருடைய பொறுப்பில் தங்கியிருக்கிறார் என்று பொருள். இந்த மே/பா மிக முக்கியமானது. வேலை தேடி வந்து அக்கா வீட்டில் தங்கியிருக்கும் தம்பிக்கு வரும் கடிதத்தில் மேலே தம்பி பெயர் இருக்கும், அடுத்த வரியில் மே/பா போட்டு அத்தான் பெயர் இருக்கும். கடிதம் அத்தான் வீட்டுக்குத்தான் வருகிறது, ஆனால் அத்தானுக்கு வரவில்லை. வேலைக்கான நேர்முகத் தேர்வு அழைப்பாக இருந்தால் அதை அந்தத் தம்பியின் கையிலேயே கொடுக்க வேண்டும் என்று நான் காத்திருந்து கொடுத்திருக்கிறேன். 1972 ஆகஸ்ட் 15ஆம் தேதி நடைமுறைக்கு வந்த ஆறு இலக்கப் பின்கோடு எங்கள் வேலையை எவ்வளவோ சுலபமாக்கியது. 612001 என்று பார்த்தால் கும்பகோணம் என்று கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கலாம். ஆனால் ஊரைக் காட்ட எண் உண்டு, ஆளைக் காட்ட எண் கிடையாது. அது பெயரைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, தெருவில் நாலு பேரைக் கேட்டுத் தபால்காரர் முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

பட்டுவாடா ஆகாத பதிவுத் தபாலின் மேல் காரணத்தை எங்கள் கைப்பட எழுதித் தேதி போட்டுச் சுருக்கொப்பம் இட வேண்டும். கதவு பூட்டியிருந்தது. விலாசம் போதவில்லை. விலாசதாரர் ஊர் மாறிச் சென்றுவிட்டார். அப்படி ஒருவர் இல்லை. வாங்க மறுத்தார். காலமானார். வீட்டில் இல்லை என்றால் வந்து வாங்கிக்கொள்ளும்படி அறிவிப்புச் சீட்டு கொடுத்துவிட்டு ஏழு நாள் அலுவலகத்தில் வைத்திருப்போம். யாரும் வராவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பும். இந்தக் காரணங்களில் எதையாவது எடுத்துப் பெறுநர் என்ற சொல்லைப் போட்டு எழுதிப் பாருங்கள். பெறுநர் பெற மறுத்தார். பெறுநர் பெறவில்லை. முதல் சொல்லை இரண்டாம் சொல் மறுக்கிறது. விலாசதாரர் வாங்க மறுத்தார் என்று எழுதினால் எந்த முரணும் இல்லை. நடந்தது நடந்தபடி இருக்கிறது.

வாங்க மறுத்தார் என்பதை எழுதும்போது மிகவும் கவனமாக இருப்பேன். ஏனென்றால் அந்த ஒரு வரியின் எடை பிறகு நீதிமன்றத்தில்தான் தெரியவரும். வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது என்பது கவரைப் பார்த்ததுமே ஆட்களுக்குத் தெரிந்துவிடும். அனுப்பியவரின் முத்திரையைத் தூரத்திலிருந்தே படித்துவிட்டு, “எனக்கு வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள்” என்பார்கள். சிலர் உள்ளே இருந்துகொண்டு, ஊருக்குப் போயிருக்கிறார் என்று பிள்ளையை விட்டுச் சொல்லச் சொல்வார்கள். வாங்காவிட்டால் நோட்டீஸ் தன்னைச் சேரவில்லை, அதனால் ஒன்றும் ஆகாது என்பது அவர்கள் கணக்கு. சட்டத்தின் கணக்கு வேறு. 1897ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டம், 27ஆம் பிரிவில், சரியான விலாசம் எழுதி, தபால் கட்டணம் கட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பப்பட்ட ஆவணம், மாறாக நிரூபிக்கப்படாத வரை, வழக்கமாக எப்போது போய்ச் சேருமோ அப்போது சார்வு செய்யப்பட்டதாகவே, அதாவது உரியவரிடம் சேர்ப்பிக்கப்பட்டதாகவே, கொள்ளப்படும் என்கிறது. பணமில்லாமல் திரும்பிய காசோலை வழக்குகளில் இது அன்றாடம் எழும் பிரச்சினை. அனுப்பிய நோட்டீஸ் கையில் கிடைக்கவில்லை என்ற வாதத்தை, கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007இல் விரிவாகப் பரிசீலித்து, சரியான விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தால் இந்த அனுமானம் பொருந்தும் என்று சொன்னது. உண்மையிலேயே கிடைக்கவில்லை என்கிறவர், நீதிமன்ற அழைப்பாணை கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிடலாம் என்ற வழியையும் அந்தத் தீர்ப்பு காட்டியது.

ஆக, ஒருவர் கவரைத் தொடாமலேயே சட்டத்தின் கண்ணில் அது அவரிடம் சேர்ந்ததாகிவிடும். அவர் பெயர் அதன் மேல் இருப்பதுதான் காரணம். இந்த உறவைச் சொல்லத்தான் ஆங்கிலத்தில் அட்ரஸீ என்று ஒரு தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். பெறுநர் என்று எழுதினால் இந்த முக்கியமான இடத்தில் தமிழ் தடுமாறுகிறது. சட்டப் புத்தகங்களை மொழிபெயர்ப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

காலமானார் என்று எழுதுவது இதைவிடக் கடினம். முதியோர் உதவித்தொகை மணியார்டரில் வந்துகொண்டிருந்த காலம் அது. மாதம் பிறந்து சில நாளில் கிழவர்களும் கிழவிகளும் வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலோர் கைநாட்டு, இடது பெருவிரல் ரேகை எடுத்து, பக்கத்தில் ஒரு சாட்சிக் கையெழுத்து வாங்கிப் பணத்தை எண்ணிக் கொடுப்போம். ஒரு மாதம் போய் நின்றால் வாசலில் அந்த அம்மாள் இருக்க மாட்டார். மகன் வெளியே வந்து, “நேற்றுத்தான் எடுத்தோம், காரியத்துக்கு ஆகும், கொடுத்துவிடுங்கள் ஐயா” என்று கேட்பார். அந்தக் குரலில் பொய்யே இருக்காது. பணமும் என் பையில் இருக்கும். ஆனால் கொடுக்க முடியாது. மணியார்டர் அந்த அம்மாளின் பெயருக்கு வந்தது. அந்தப் பெயருக்கு உரியவர் போய்விட்டார். வாரிசு என்ற உரிமை தபால்காரர் தீர்மானிக்கும் விஷயம் அல்ல. பழைய 1898ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டப்படி, பட்டுவாடா ஆகாத மணியார்டரை அனுப்பியவர் திரும்பப் பெறலாம், பெயரைக்கூட மாற்றச் சொல்லலாம். அதுவரை அது முழுவதும் அனுப்பியவரின் விருப்பத்தில் நிற்கிற பணம். படிவத்தில் காலமானார் என்று எழுதித் திருப்பி அனுப்புவோம். அந்த மகனிடம் இதையெல்லாம் சொல்லிப் புரியவைக்க வாசலில் நின்று நேரம் செலவழித்திருக்கிறேன். அடுத்த வீடுகளில் காத்திருந்தவர்களும் அதற்காக என்மேல் கோபித்துக்கொண்டதில்லை.

இனி விலாசதாரர் என்ற சொல்லுக்கு வருகிறேன். இதில் தாரர் என்பது பாரசீகத்திலிருந்து வந்தது. வைத்திருப்பவர், உடையவர் என்று பொருள். மனுதாரர், சந்தாதாரர், பங்குதாரர், உரிமதாரர் என்று நம் நிர்வாகத் தமிழ் முழுக்க அது வேர் பிடித்துவிட்டது. விலாசம் வடமொழி வழி வந்தது. என் அப்பா தலைமுறையில் மேல்விலாசம் என்பார்கள், கடிதத்தின் மேலே எழுதுவது என்ற பொருளில். மலையாளத்தில் இன்றும் மேல்விலாசம்தான். செட்டிநாட்டில் விலாசம் என்றால் குடும்பத்தின் தலைப்பெழுத்துகளையும் சொல்வார்கள். கொடுக்கல் வாங்கல் அந்த எழுத்துகளின் பெயரில்தான் நடக்கும். அங்கே விலாசம் என்பது இருக்கும் இடத்தைவிட ஆளையும் குடும்பத்தையும் அடையாளம் காட்டுவது. முகவரி பின்னால் பரவிய சொல். முகமும் வரியும் சேர்ந்தது. கடிதத்தின் முகத்தில் எழுதிய வரி. எனக்கு அது பிடிக்கும். அதை வைத்து முகவரியாளர் என்றும் சிலர் எழுதுகிறார்கள். பொருளில் குறை இல்லை. ஆனால் கேட்கும்போது முகவரி எழுதிக் கொடுப்பவரா, முகவரிக்கு உரியவரா என்று ஒரு கணம் நிற்க வேண்டியிருக்கிறது. முகவர் என்ற சொல்லும் அருகிலேயே இருப்பதால் ஏஜென்ட் என்று நினைத்துவிடவும் இடமிருக்கிறது.

இந்த வேறுபாடு ஆங்கிலேயர் தபாலோடு வந்தது என்று யாராவது நினைத்தால் அது சரியல்ல. எங்கள் ஊருக்குப் பக்கத்தில், பட்டீஸ்வரத்தை ஒட்டிச் சத்திமுத்தம் இருக்கிறது. அந்த ஊர்ப் புலவர் வறுமையில் மதுரைக்குப் போய், குளிரில் போர்த்தத் துணியில்லாமல் கிடந்து, வானில் போகும் செங்கால் நாரையிடம் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்பிய பாட்டைத் தமிழ் படித்தவர்கள் எல்லாரும் அறிவார்கள். தபால்காரனாகிய எனக்கு அந்தப் பாட்டில் முதலில் கண்ணில் படுவது விலாசம். தெற்கே குமரியில் நீராடி வடக்கே திரும்பும்போது, எங்கள் ஊரான சத்திமுத்தத்துக் குளத்தில் தங்கி, நனைந்த சுவரும் கூரையுமாக இருக்கும் வீட்டில், பல்லி நல்ல சொல் சொல்லுமா என்று பார்த்துக்கொண்டிருக்கும் என் மனைவியைக் காணுங்கள் என்கிறார். ஊர், ஊருக்குள் அடையாளம், வீட்டின் நிலை, கடைசியில் ஆள். பெயர்கூடச் சொல்லவில்லை, ஆனாலும் ஆள் தவறாது. அனுப்பியவர் எங்கே இருக்கிறார் என்பதும் பாட்டிலேயே இருக்கிறது, பாண்டியனின் கூடல் என்று. நாரை கொண்டுபோய்ச் சேர்த்ததா என்பது வேறு கேள்வி. சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் அந்தச் செய்திக்கு உரியவள் அவள்தான்.

சங்கப் பாடல்களின் கீழே உள்ள குறிப்புகள் இதைவிட நுட்பமானவை. தலைவன் சிறைப்புறத்தானாக, தோழி தலைவிக்குச் சொல்லியது என்று வரும். வேலிக்கு அப்பால் தலைவன் வந்து நிற்கிறான் என்பது தோழிக்குத் தெரியும். அவள் பேசுவது தலைவியின் முகத்தைப் பார்த்து. போய்ச் சேர வேண்டியது அவன் காதில். யாரிடம் சொல்லப்படுகிறது, யாருக்காகச் சொல்லப்படுகிறது, யார் கேட்டார் என்று மூன்று ஆட்களைப் பிரித்துப் பார்க்கிற பழக்கம் நம்மிடம் அவ்வளவு காலமாக இருக்கிறது. செய்யுளுக்கு உரிய உறுப்புகளைச் சொல்லும்போது கேட்போர் என்பதையும் ஓர் உறுப்பாகவே தொல்காப்பியம் எண்ணுகிறது. இவ்வளவு நுணுக்கமாகக் கேட்பவரைப் பற்றி யோசித்த மொழியில், ஒரு பார்சல் திரையின் இரண்டு கட்டங்களுக்கு ஒரே சொல்லைப் போடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அண்ணன் மகளுக்கு நான் சொன்னது இதுதான். சட்ட ஆவணத்துக்கும் தபால் விதிக்கும் விலாசதாரர். நீள வாக்கியங்களில் உரியவர்; உரியவரிடம் ஒப்படைக்கவும் என்பது நாம் ஏற்கெனவே சொல்லிவரும் தமிழ்தான். அவளுடைய திரைக்கு இந்த இரண்டும் வேண்டாம். மேல் கட்டத்தில் யாருக்கு என்று போடலாம். கீழே வாங்கியவர். அந்தப் பொல்லாத வாக்கியம், உரியவர் இல்லாவிட்டால் வாங்கியவரின் பெயரையும் அவருக்கு என்ன உறவு என்பதையும் எழுதவும் என்று ஆகும். வெயிலில் மாடிப்படி ஏறி வந்து நிற்கும் பையன் ஒரு பார்வையில் புரிந்துகொள்வான். வாங்கியவர் என்பது மிகவும் பேச்சு வழக்காக இருக்கிறதே, விலை கொடுத்து வாங்கியவர் என்று யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்று அவள் தயங்கினாள். கடைச் செயலி என்றால் அந்தத் தயக்கம் நியாயம். பொருளை விற்கும் இடத்தில் கையில் வாங்கியவர் என்று இன்னும் ஒரு சொல் சேர்த்துக்கொள்ளலாம்.

மின்னணு ஆவணங்களுக்கான நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, அட்ரஸீ என்ற சொல்லுக்கு வரையறையே தருகிறது. ஐ.நா.வின் சர்வதேச வணிகச் சட்ட ஆணையம் 1996இல் வெளியிட்ட மாதிரிச் சட்டத்தில் உள்ளதை ஒட்டிய வரையறை அது. தொடங்கி வைப்பவர், அதாவது அனுப்புகிறவர், யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கருதினாரோ அவர். ஆனால் இடையில் நின்று கொண்டு சேர்ப்பவர் அதில் அடங்க மாட்டார். படித்தபோது நெஞ்சு நிறைந்தது. ஆயிரக்கணக்கான கடிதங்கள் என் கையில் தங்கியிருக்கின்றன, ஒன்றுகூட எனக்கு வந்ததல்ல. நான் இடையில் நின்றவன். அந்த வரையறையிலும் கருதினார் என்பதுதான் மையம், பெற்றார் என்பது இல்லை.

பதவிப் பெயருக்கு வரும் கடிதங்களையும் இங்கே சொல்ல வேண்டும். வட்டாட்சியர், கும்பகோணம் என்று மட்டும் இருந்தால் அது நாற்காலிக்கு வந்த கடிதம். நேற்று இருந்தவர் மாற்றலாகிப் போயிருந்தாலும் இன்று உட்கார்ந்திருப்பவர்தான் விலாசதாரர். அலுவலகத்தில் தபால் வாங்கும் உதவியாளர் முத்திரை போட்டு வாங்கிக்கொள்வார். ஒருவருடைய சொந்தப் பெயருக்கு அலுவலக விலாசத்தில் வந்த கடிதமோ அவரோடு போக வேண்டியது. ஓய்வு பெற்றுப் போன தலைமையாசிரியருக்குப் பழைய மாணவர்கள் பள்ளி விலாசத்திலேயே எழுதிக்கொண்டிருப்பார்கள். புது விலாசத்தைச் சிவப்பு மையில் எழுதித் திருப்பி விடுவோம். அவர் பிறகு தெருவில் பார்க்கும்போது அதைச் சொல்லி மகிழ்வார்.

கடைசியாக, இன்று கடிதம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு தகவல். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் என்ற தனிச் சேவை விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. விரைவுத் தபால் 1986இல் தொடங்கியதிலிருந்து விலாசத்தில் கொடுக்கும் சேவை. அந்த வீட்டில் இருப்பவர் வாங்கிக்கொள்ளலாம். பெயருக்கு உரியவர் கையிலேயே சேர வேண்டும் என்றால், 2025 அக்டோபர் முதல், விரைவுத் தபாலோடு பதிவு என்ற கூடுதல் சேவையையும் கேட்டு வாங்க வேண்டும்; 5 ரூபாயும் அதற்கான வரியும் ஆகும். அப்போது விலாசதாரரிடமோ அவர் அதிகாரம் கொடுத்தவரிடமோதான் கொடுப்பார்கள். நிலப் பத்திரம், வக்கீல் நோட்டீஸ், சான்றிதழ், வேலை உத்தரவு போன்றவற்றை அனுப்புகிறவர்கள் கவுன்ட்டரில் பதிவு வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ரசீதில் அது சேர்ந்திருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு நகருங்கள்.